தங்கமாரிக்கு எத்தனை கிளிக்?

தங்கமாரி மதினியின் மில் அடையாள அட்டையில் இருக்கும் பெண்ணை அந்த மில்லில் யாரும் பார்த்ததில்லை. வெண்ணெய் தடவியது போல ஒரு முகம். மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெளுப்பு. போட்டோ எடுத்த ஸ்டுடியோக்காரர் யாரும் கேட்காமலே கம்ப்யூட்டரில் செய்து கொடுத்த உபகாரம் அது. வேனிலிருந்து இறங்கி வாசலைக் கடக்கும்போதெல்லாம் வாட்ச்மேன் பொன்ராஜ் அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்ப்பார்.

"இவுக இன்னைக்கு வரலியாம்மா?"

"இவுகளுக்குக் காய்ச்சல்ணே. பதிலுக்கு நான் வந்திருக்கேன்."

கூட வரும் பெண்கள் சிரிப்பார்கள். மதினியும் சிரிப்பார். வாசலைத் தாண்டியதும் அட்டையைத் திருப்பி, பின்பக்கம் வெளியே தெரிகிற மாதிரிப் போட்டுக்கொள்வார். திரும்பி வரும்போதும் அது அப்படியேதான் தொங்கும்.

அவருடைய வீட்டுக்காரர் விஜயபாண்டி, பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டு மேல் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அவருடைய அப்பா பரளச்சிப் பக்கம் பிறத்தியார் காட்டில் பருத்தி எடுத்தவர். இவர் மீசை முளைக்கும் முன்பே லாரியில் கிளீனராக ஏறிவிட்டார். பாதி இந்தியாவைப் படுதா மேல் மல்லாந்து படுத்தபடி பார்த்திருக்கிறார், ஆகவே வானம்தான் அதிகம் பார்த்தேன் என்பார். பிறகு டயர் வேலை பழகி, ஊருக்குத் திரும்பி, ஒரு வேப்பமரத்தையும் ஒரு கம்ப்ரஸரையும் நம்பிக் கடை போட்டார். நான் அருப்புக்கோட்டையில் கொரியர் ஆபீஸில் இருக்கிறேன். பந்தல்குடி, பரளச்சி லைனுக்குத் தபால் கொண்டு போவது என் வண்டி. இந்தப் பக்கத்துக் கருவேல முள்ளுக்கு என் பின் டயர் மேல் தனிப் பிரியம் உண்டு. அப்படித்தான் பழக்கம்.

அவருக்கு ஒரு குணம். எங்கே உஸ்ஸென்று சத்தம் கேட்டாலும் தலை அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தபடியே சமையல்கட்டில் கேஸ் டியூப் ஒழுகுவதைக் கண்டுபிடித்து, எழுந்துபோய் அடைத்துவிட்டு வந்து ரசம் வாங்கியவர். ஒழுகுகிற எதையும் அவரால் அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது.

அந்தக் குணத்தால்தான் கேமரா அவரிடம் தங்கியது. மதுரையிலிருந்து தூத்துக்குடி போன காலேஜ் பிள்ளைகளின் கார் ஒன்று பஞ்சராகி அவர் கடையில் நின்றது. அவர்கள் கிளம்பிப் போன பிறகு பெஞ்சில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா கிடந்தது. விளையாட்டுச் சாமான் என்று நினைத்து, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஜீவிதாவுக்குக் கொடுக்கப் போனவர், முன்பக்கம் கண்ணாடியைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். ஜிபே செய்த நம்பரைத் தேடிப் பிடித்து போன் போட்டார். தேவிபிரியா என்று ஒரு பெண் எடுத்தது.

"ஐயோ, அதை நீங்களே வச்சுக்கோங்கண்ணே. அது பொம்மைக் கேமராதான், பிலிம் போட்டு எடுக்கிறது. அதுல லீக் வேற இருக்கு."

"லீக்கா?" விஜயபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "என்ன லீக்கு?"

"வெளிச்சம் உள்ள போயிரும். படத்துல கோடு கோடா விழும். அதுக்காகவே ஆசைப்பட்டு வாங்குறவங்க இருக்காங்க."

"லீக்காகுதுன்னு தெரிஞ்சே வாங்குவாகளா?"

அந்தப் பெண் சிரித்ததாம். உள்ளே பாதி ரோல் மிச்சம் இருக்கிறது, எடுத்து முடித்து இந்த லேபுக்கு அனுப்புங்கள், கழுவிப் பிரிண்ட் போட்டு, புது ரோலும் தருவார்கள் என்று ஒரு விலாசம் அனுப்பியது. எடுக்கும் முறையையும் சொன்னது. வெயிலென்றால் சூரியன் படத்துக்குத் தள்ளு, வெயில் குறைந்தால் மேகம் படத்துக்குத் தள்ளு. கிட்டத்து ஆளுக்கு ஒற்றைத் தலை போட்ட குறி, தூரத்துக்கு மலை போட்ட குறி. பட்டனை அமுக்கு. பிறகு மேலே இருக்கும் திருகைத் திருகு. எவ்வளவு திருக வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

முதல் ரோல் என் கையில்தான் போனது, என் கையில்தான் திரும்பி வந்தது. முன்பாதியில் கடற்கரையில் காலேஜ் பிள்ளைகள் அழகாக நின்றார்கள். பின்பாதியில் தீப்பிடித்த மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கீற்றுகள். போதாக்குறைக்கு ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் ஏறியிருந்தது. பக்கத்து டீக்கடை ராக்கம்மாளின் பாய்லர் ஒரு லாரியின் நெற்றியிலிருந்து முளைத்திருந்தது.

"ஏலே பாண்டி, என் பாய்லர எதுக்குடா லாரிக்கு வித்த?"

"எல்லாம் லீக்கு பண்ற வேலை அத்தை. அடைச்சுட்டா சரியாப் போகும்."

டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். வெளிச்சத்துக்கு எந்தத் தொட்டி? இரண்டு நாள் யோசித்துவிட்டு, சாவிக்கொத்தில் தொங்கும் விரல் நீள டார்ச்சை எரியவிட்டுக் காலிக் கேமராவுக்குள் வைத்து மூடினார். ஒரு லாரிப் படுதாவை இழுத்துப் போட்டு, கேமராவோடு அதற்குள் நுழைந்துகொண்டார். உச்சி வெயில். நான் போனபோது படுதா மட்டும் ரோட்டோரத்தில் மேடாக அசைந்துகொண்டிருந்தது.

"உள்ள என்ன பண்றாருன்னு கேக்காத தம்பி," என்றார் ராக்கம்மாள். "முட்டை பொரியுற வரைக்கும் வெளிய வர மாட்டானாம்."

வேர்த்து வழிய வெளியே வந்தவரின் முகத்தில் அப்படியொரு திருப்தி. வெளிச்சம் எந்தெந்த இடத்தில் ஒழுகியது என்று விரலால் தொட்டுக் காட்டினார். மூடியின் இரண்டு ஓரம், மேலே ஒரு மூலை. எல்லாவற்றையும்விடப் பெரிதாக, முதுகில் நடு மத்தியில் ஒரு சிவப்புக் கண்ணாடி. "அழகுக்கு வச்சிருக்கான் போல. இம்புட்டுப் பெரிய ஓட்டையா வைப்பாக?" உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, டியூப் ரப்பரை வெட்டி ஒட்டினார். சிவப்புக் கண்ணாடிக்கு மட்டும் இரட்டை பேட்ச்.

இரண்டாவது ரோலில் ஒரு கீற்றுகூட இல்லை. கறுப்பு நல்ல கறுப்பாக விழுந்திருந்தது. ஆனால் படத்துக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளியும் இல்லை. மொத்த ரோலும் ஒரே நீளப் படம். லாரிக்குப் பின்னால் மரம், மரத்துக்குள் ஜீவிதா, ஜீவிதாவின் பள்ளிக்கூடப் பைக்குள் மறுபடியும் பாய்லர்.

நான் போனில் தேடிப் படித்துக் காரணத்தைத் தெரிந்துகொண்டேன். சொல்வதற்கு இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. முதல் தடவை, அவர் அந்தப் பேட்சைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த விதத்தில் வாய் வரவில்லை.

"அண்ணே, பின்னாடி ஒரு சிவப்புக் கண்ணாடி இருந்துச்சுல்ல."

"ஆமா. அதான் டபுள் பேட்ச் போட்டேன்ல."

"அது வழியாத்தான் பிலிமோட நம்பர் தெரியுமாம். ஒரு படம் எடுத்தா அடுத்த நம்பர் வர்ற வரைக்கும் திருகணுமாம்."

அவர் கேமராவைத் திருப்பி அந்த இரட்டை பேட்சைப் பார்த்தார். டீ ஆற்றிக்கொண்டிருந்த ராக்கம்மாளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"கண்ணத் தச்சுப்பிட்டு, பாதை தெரியலன்னு சொல்லியிருக்கான் பாரு!"

"கண்ணா இருந்தாலும் ஓட்டை ஓட்டைதான் அத்தை. நம்மூரு வெயிலு அது வழியா உள்ள போகாதுன்னு அவன் எழுதிக் குடுத்தானா?"

அடைத்த ஓட்டையைத் திறப்பது என்பது அவர் தொழிலில் இல்லாத காரியம். ஆனாலும் மறுநாள் பேட்சைப் பிரித்தார். அதற்குப் பதில் மேல் ஓரத்தை மட்டும் ஒட்டி, கீழ்ப்பக்கம் தூக்கி மூடும்படியாக ஒரு ரப்பர் நாக்கு வைத்தார். திருகும்போது தூக்கி நம்பரைப் பார்ப்பது, உடனே விட்டுவிடுவது. "ஓட்டை இல்ல தம்பி இது. வால்வு," என்றார். மூன்றாவது ரோலில் படங்கள் தனித்தனியாக, சதுரம் சதுரமாக வந்தன.

அந்த ரோல் வந்த அன்றுதான் எதற்காக இத்தனை பாடு என்று சொன்னார். அடையாள அட்டைக் கதையும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இந்த டப்பாவ நல்லாத் தடவிப் பாத்துட்டேன். இதுல சூரியன் இருக்கு, மேகம் இருக்கு. வெளுப்பாக்குற பட்டன் இல்ல. செல்லுல எடுத்தா அதுவா வெளுப்பாக்கிருது. இதுல எடுத்தா அவ மூஞ்சி அவ மூஞ்சியா வரும்ல?"

மதினியிடம் கேட்டபோது அவர் முறத்தைக் கீழே வைக்கவே இல்லையாம்.

"எனக்கா? மில்லு கார்டுல சுண்ணாம்பு. ஆதார் கார்டுல கரி. ரெண்டுக்கும் நடுவுல என்னைய எவனும் எடுத்ததில்ல. கல்யாண ஆல்பத்துல உங்க பக்கத்துல நிக்கிறது யாருன்னு ஜீவிதாவே கேக்குறா." பிறகு யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். "ஒரே ஒரு தடவை உக்காருவேன். அதுல நான் நானா வரலேன்னா, அந்த டப்பா காயலான் கடைக்குப் போயிரணும். அதுக்கப்புறம் போட்டோன்னு எங்கிட்டப் பேசக் கூடாது."

ஒரே ஒரு தடவை. ஆகவே விஜயபாண்டி பழகத் தொடங்கினார். பழகுவதற்கு அவருக்கு ஆளுக்குப் பஞ்சமே இல்லை. லாரி டயரைக் கழற்றி ஒட்டி மாட்டுகிறவரை டிரைவர் எங்கே போவார்? வேப்பமரத்தடியில் ஒரு பழைய டயரைப் படுக்கப் போட்டு, அதில் உட்காரச் சொல்வார். எதிரே நாலு டயரை அடுக்கி, மேலே கேமராவை வைத்து டியூப் கீற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். பஞ்சாபிலிருந்து வருகிறவர், கேரளாவுக்குப் போகிறவர், துறைமுகத்துக்கு லோடு அடிக்கிறவர், எல்லோரும் அந்த டயரில் உட்கார்ந்து எழுந்தார்கள். 

உச்சி வெயிலில் எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழி விழுந்தது. அதனால் நிழலுக்கு மாறினார். நிழலில் வேட்டி சட்டை எல்லாம் அருமையாக வந்து, முகம் மட்டும் இருட்டாகிப் போனது. கேமரா திறந்து மூடும் வேகம் ஒன்றே ஒன்றுதான், கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. வெயில் போதுமா என்று பார்க்க அவராகவே ஒரு கணக்கு வைத்திருந்தார். வெளியே கிடக்கும், டயரை நெம்பும் இரும்பு லிவர் கையில் பிடிக்க முடியாதபடி சுட்டால் சூரியன் குறி. பிடிக்க முடிந்தால் மேகம் குறி. அந்தக் கணக்கை நம்பிச் சாயங்காலம் எடுத்த படங்கள் அத்தனையும் கறுத்துப்போய் வந்தன.

"அதெப்படி? லிவரு சுட்டுச்சே!"

"பொழுது சாஞ்சாலும் இரும்பு சுடத்தானடா செய்யும்," என்றார் ராக்கம்மாள். "என் பாய்லரும்தான் சுடுது. அதை வச்சு எடுக்கிறதுதான?"

அதோடு லிவரை விட்டுவிட்டு நிழலின் ஓரத்தைப் பார்க்கப் பழகினார். தன் கை நிழலைத் தரையில் விழவைத்து, விரல் விரலாகப் பிரிந்து தெரிகிறதா, கூழாகக் கலங்கித் தெரிகிறதா என்று பார்ப்பார். ரோட்டோரத்தில் நின்று தன் கையைத் தானே ஆட்டி ஆட்டிப் பார்க்கும் மனிதரைப் பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

முகத்தின் இருட்டுக்கு மருந்து ஒரு கைத்தவறில் கிடைத்தது. ஒருமுறை திருக மறந்து அதே ஆளை இரண்டு தடவை அமுக்கிவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்து டிரைவர், தூக்கக் கலக்கத்தில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தவர். அந்தப் படம் வந்தபோது அவர் கன்னத்து மேடும் நெற்றிச் சுருக்கமும் அப்படியே எழுந்து நின்றன. திருகாமல் இன்னொரு தடவை அமுக்கினால் அதே படத்தின் மேல் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் விழுகிறது. கொஞ்சமாகக் காற்று இருக்கும் டியூபுக்கு இன்னொரு அடி அடிப்பது மாதிரி. அதன்பிறகு அவர் ஆட்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. வெளுத்த பஞ்சாப்காரருக்கு ஒரு கிளிக். நம்மூர் டிரைவருக்கு இரண்டு.

"எனக்கு எத்தனைண்ணே?" என்று கேட்டேன்.

என்னை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்ணரை."

"ஒண்ணரை கிளிக் எப்படி எடுப்பீங்க?"

"எடுக்க முடியாது. அதான் உன்னைய இன்னும் எடுக்கல."

ராக்கம்மாள் அங்கிருந்து குரல் கொடுத்தார். "ஊரெல்லாம் சொல்றியே, தங்கமாரிக்கு எத்தனை கிளிக்குடா?"

விஜயபாண்டி கையிலிருந்த டியூபைக் குனிந்து பார்த்துக்கொண்டே, "ரெண்டு," என்றார். அந்த மூஞ்சியில் வெட்கம் இருந்தது.

அந்த நாளும் வந்தது. மதியத்துக்கு மேல், நிழலின் ஓரம் நன்றாக இருந்த நேரம். மில் வேன் கடை முன்னால் நின்றது. மதினி இறங்கினார். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. தட்டிவிடப் போனவரை, "இருக்கட்டும்," என்று விஜயபாண்டி தடுத்து டயரில் உட்கார வைத்தார். நான் கொரியர் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றேன். ராக்கம்மாள் டீ ஆற்றுவதைக்கூட நிறுத்தியிருந்தார்.

கிளிக்.

சத்தம் கேட்டது. போட்டோ என்றால் ஒரு சத்தம், அத்தோடு முடிந்தது என்றுதானே எல்லோரும் நினைப்போம்? மதினி சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். இரண்டு கிளிக் என்பதை ஊருக்கெல்லாம் சொன்னவர், உட்காருகிறவரிடம் மட்டும் சொல்ல மறந்திருந்தார். விரலோ பழக்கத்தில் நிற்கவில்லை.

கிளிக்.

படம் வந்தது. டயர் இருந்தது, வேப்பமரம் இருந்தது, நடுவில் தங்கமாரி மதினி கண்ணாடித்தாள் மாதிரி இருந்தார். சேலை வழியாக டயரின் மேடு பள்ளங்கள் தெரிந்தன. முகத்தில் மரப்பட்டை ஓடியது. மதினி வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. செத்தவுகளுக்குப் போடுற போட்டோ மாதிரி." பிறகு, பாதி தூரம் போய்த் திரும்பி, "ஆனா வெளுப்பாக்கல," என்றார்.

விஜயபாண்டி கேமராவுக்கு அடுத்த ரோல் ஏற்கெனவே போட்டிருந்தார், ஆனால் கையில் எடுக்கவில்லை. சாமான் பையின் அடியில், ஸ்பேனர்களுக்குக் கீழே போட்டுவிட்டார். சொன்ன சொல் சொல்தானே. இரண்டு வாரம் கழித்துக் காயலான் கடைக்காரன் தட்டுவண்டியோடு வந்தான். பழைய ரிம், கிழிந்த டயர், ஓட்டை வாளி எல்லாம் எடுத்துக்கொண்டு, பையைக் காட்டி, "இதுல என்ன?" என்றான். வேனிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த மதினிதான் பதில் சொன்னார்.

"அதுல ஒண்ணும் இல்ல. நீ வண்டியத் தள்ளு."

விஜயபாண்டி என்னைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்தேன்.

மாசி பிறந்தது. பரளச்சியில் மதினியின் அண்ணன் இருளாண்டி கரிசல் காட்டில் பருத்தி போட்டிருந்தார். மில்லுக்கு லீவு கிடைத்த நாள் மதினி உதவிக்குப் போனார். எனக்கு அன்று பரளச்சியில் இரண்டு தபால். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது களத்தில் டிராக்டர் ட்ரெய்லர் ஒன்று சாய்ந்து நிற்பதையும், அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் விஜயபாண்டி குந்தியிருப்பதையும் பார்த்து வண்டியை நிறுத்தினேன்.

களம் கரிசல் மண்ணை வழித்து மெழுகியது, கன்னங்கரேலென்று இருக்கும். அதன் நடுவே விரித்த சாக்குகளின் மேல் எடுத்த பருத்தியை வெயிலில் அம்பாரமாகக் கொட்டியிருந்தார்கள். அம்பாரத்தை ஒட்டி ஒரு படுதாவைக் கட்டி, அந்த நிழலின் விளிம்பில் மதினியும் நாலைந்து பெண்களும் உட்கார்ந்து பருத்தியில் ஒட்டிய சருகுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். டயரை மாட்டி முடித்து, தண்ணீர் கேட்டு அங்கே போனவர், சொம்பை வாங்கியும் குடிக்கவில்லை. அப்படியே நின்றார்.

"தம்பி, இங்க வாயேன்." குரலைத் தாழ்த்தினார். "அவ நாடிக்குக் கீழ பாரு."

பார்த்தேன். நாடிக்குக் கீழே, மூக்குக்கு அடியில், கண் குழிவில், எப்போதும் இருட்டு தங்கும் இடங்கள். அங்கெல்லாம் வெளிச்சம் இருந்தது. வெயில் அம்பாரத்தின் மேல் விழுந்து, வெள்ளையாக எழும்பி, கீழேயிருந்து முகத்துக்கு வந்துகொண்டிருந்தது. சூடு இல்லாத ஒரு வெயில்.

"நிழல்ல உக்காந்திருக்கா," என்றார். "மூஞ்சியில நிழல் இல்ல."

கையை நீட்டித் தரையில் நிழலைப் பார்த்தார். விரல் விரலாகப் பிரிந்தது. பையிலிருந்து ஸ்பேனர்களைத் தள்ளிக் கேமராவை எடுத்தார். அதைப் பார்த்ததும் பெண்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"மச்சான், எங்களயும் சேத்து எடுங்க! நாங்களும் ஆவியா அலையுறோம்!"

மதினி நிமிரவில்லை. "ஒரு தடவைதான்னு சொன்னேன்ல?"

"ஆமா, சொன்ன."

"அது முடிஞ்சுபோச்சுல்ல?"

"எங்க முடிஞ்சுச்சு? உனக்கு ரெண்டு கிளிக்கு. அதுல ஒண்ணுலதான் நீ இருந்த. இன்னொண்ணுல வெறும் டயருதான் இருந்துச்சு. ஒரு கிளிக்கு இன்னும் உன் பேர்ல நிக்குது."

களம் முழுக்கச் சிரித்தது. மதினி அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "இந்த வாயி மட்டும் பஞ்சரே ஆகாது," என்றார். பிறகு, "நான் வேலைய நிறுத்த மாட்டேன். எந்திரிக்க மாட்டேன். அப்படியே எடுக்கிறதுன்னா எடுங்க."

"நீ எதுக்கு எந்திரிக்கிற? அங்கனயே இரு, தாயி."

ஆள் இருப்பது நிழலில் என்பதால் மேகம் குறிக்குத் தள்ளினார். ஒற்றைத் தலைக் குறி. அடுக்க டயர் இல்லை, முழங்காலை மடித்து அதன் மேல் கேமராவை வைத்துக்கொண்டார். மதினி கையில் ஒரு கொத்துப் பருத்தியோடு, அதிலிருந்த சருகை இழுத்தபடி, சிரிப்பு போயும் போகாமலும் ஒரு தரம் இவரைப் பார்த்தார்.

கிளிக்.

விரல் மறுபடியும் அமுக்கத் துடித்ததை நான் பார்த்தேன். சட்டென்று அந்தக் கையைக் கேமராவிலிருந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டார், மிட்டாயை ஒளிக்கிற பிள்ளை மாதிரி. "இன்னொண்ணு வேண்டாமாண்ணே?" என்று கேட்டேன். தலையை ஆட்டி அம்பாரத்தைக் காட்டினார். "ரெண்டாவது கிளிக்க அது அடிச்சிருச்சு." ரப்பர் நாக்கைத் தூக்கி அடுத்த நம்பர் வரும்வரை திருகி, மூடினார். அதன்பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

லேபிலிருந்து படங்களை முதலில் போனுக்கு அனுப்புவார்கள். அவர் திறக்கவில்லை. "செல்லுல பாக்கக் கூடாது. அது வெளிச்சத்தக் கூட்டிக் காட்டும். காயிதத்துல வரட்டும்." எங்கள் ஆபீஸில் அந்தக் கவரைப் பார்த்ததும் மற்ற தபால்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் பந்தல்குடிக்கு வண்டியை எடுத்தேன். ஆனாலும் அவர் பிரிக்கவில்லை. மதினி வரட்டும் என்றார். வேன் வரும்வரை கவர் கம்ப்ரஸர் மேல் கிடந்தது. அதற்குள் வந்த ஒரு பஞ்சருக்கு ஒரே ஓட்டையை இரண்டு தடவை ஒட்டினார்.

மதினி நின்றபடியே பிரித்தார். மேலே இருந்தவை வேறு படங்கள். அவற்றை ஒவ்வொன்றாக அடியில் தள்ளி, ஒன்றில் நின்றார்.

அம்பாரம் வெளிச்சத்தில் வெந்து வெறும் வெள்ளையாகிப்போயிருந்தது. பருத்தி என்றே தெரியாது. அதற்குப் பக்கத்தில் அந்த முகம். நெற்றியில் ஒரு கறுப்பு, கன்னத்தில் கொஞ்சம் இளைத்த கறுப்பு, மூக்கின் முதுகில் மினுங்கும் கறுப்பு. இடது புருவத்தின் மேல் சின்ன வயதில் விழுந்த தழும்பு. சிரிப்பு வெளியே வரலாமா என்று உதட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

விஜயபாண்டி மதினியின் முகத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பொன்ராஜ் பார்ப்பது போல மாறி மாறி.

மதினி டீக்கடைப் பக்கம் நடந்தார். "சின்னம்மா, இது யாருன்னு சொல்லுங்க."

ராக்கம்மாள் கையில் கிளாஸோடு எட்டிப் பார்த்தார். "யாரு? நீதான். இதெல்லாம் ஒரு கேள்வின்னு வந்து நிக்கிறியே, பால் பொங்குது, தள்ளு."

மதினி அப்போதுதான் சிரித்தார். தழும்பைக் கட்டைவிரலால் தொட்டு, "இத ஸ்டுடியோக்காரன் அழிச்சுப்பிட்டான்," என்றார். நேரே கடைக்கு வந்து, பேட்ச் வெட்டும் கத்தரியை எடுத்தார்.

"ஏ, வெட்டாத! வேற பிரிண்டு போடச் சொல்லித் தாரேன்!"

"அது வர்ற வரைக்கும்?"

முகத்தைச் சுற்றி அளவாக வெட்டி, அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள், அந்த வெண்ணெய் முகத்துக்கு மேலே செருகினார்.

மறுநாள் வாசலில் நடந்ததை மதினியே சொன்னார். பொன்ராஜ் அட்டையைப் பார்த்திருக்கிறார். ஆளைப் பார்த்திருக்கிறார். வழக்கமான கேள்விக்கு வாயைத் திறந்து மூடிக்கொண்டாராம். பிறகு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "என்னம்மா, கறுப்பு வெள்ளையா இருக்கு? கலர்ல இல்லியா?" என்றிருக்கிறார்.

"கறுப்பு நானு, வெள்ளை பருத்தி. இதுக்கு மேல எதுக்குண்ணே கலரு?"

மில் ஆபீஸில் ஒரு நாள் பார்த்துவிட்டு அதை எடுக்கச் சொன்னார்களாம். வாசலைக் கடக்கும்போது எடுத்துவிட்டு, கடந்ததும் செருகிக்கொள்கிறார். வேனில் வரும்போது அட்டை முன்பக்கமாகத்தான் தொங்குகிறது.

கேமரா இப்போது கடையில், வேப்பமரத்து ஆணியில், எல்லோரும் பார்க்கத் தொங்குகிறது. பெரிய பிரிண்ட் ஒன்று வீட்டுக்கு வந்து, ஆல்பத்தைப் பார்த்து யாரென்று கேட்ட ஜீவிதாவின் படிக்கிற இடத்துக்கு மேலே மாட்டியாகிவிட்டது. மதினி வெட்டிப் போட்ட மிச்சத்தில் ஓரத்துத் துண்டு ஒன்றையும் விஜயபாண்டி விடவில்லை. டியூப் சொல்யூஷன் தடவிக் கம்ப்ரஸர் மேல் ஒட்டியிருக்கிறார். அதில் ஆள் கிடையாது. அம்பாரத்தின் வெறும் வெள்ளை மட்டும்தான். டயரில் உட்கார்ந்து காத்திருக்கும் டிரைவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என்ன படம் இது, ஒன்றுமே விழவில்லையே என்று கேட்பார்கள்.

"லைட்டு," என்பார், டியூபைத் தொட்டியில் அமுக்கிக்கொண்டே.